அந்த அறையில் எங்களிடமே பேசுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பணியாற்றும் மனநல மருத்துவர்களுக்கும், உளவியலாளர்களுக்கும், மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர்களுக்கும், செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

கே.வி.குப்பம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குப் பார்வை கிடையாது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய். பள்ளிக்கூட நாளில் மாலைக்கண்ணாகத் தொடங்கியது, வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் முழுவதும் போய்விட்டது. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இது இன்னமும் வட ஆற்காடுதான். அதனால் மூன்று மாவட்டத்தாரையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. பார்வையில்லாத ஒருவர் மனசு சரியில்லை என்று உங்கள் அறைக்கு வந்தால், கூட வந்தவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். பிறகு எங்களிடம் பேசுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பார்வையுள்ள நோயாளியிடம் இதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க சார், நான் அவங்ககிட்ட பேசணும்" என்று நீங்கள் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நாங்கள் வந்தால் மட்டும் அந்தப் பேச்சு வருவதில்லை. ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறோம். நாற்காலியைக் காட்டுவதும் அவர்தான், ஓ.பி. சீட்டை நீட்டுவதும் அவர்தான். அந்தப் பழக்கத்திலேயே கேள்வியும் அவர் பக்கம் போய்விடுகிறது. "இவங்களுக்கு என்ன பண்ணுது?"

என்னோடு வந்தவர் என் அண்ணன். பாசக்காரர், எனக்காக லீவு போட்டு வந்தவர். மருத்துவர் கேட்டதும் சொல்ல ஆரம்பித்தார். "நைட்டெல்லாம் தூங்கறதே இல்ல சார். சரியா சாப்புட மாட்டேங்குது. சும்மா சும்மா அழுவுது. கண்ணு போனதுலேர்ந்தே இப்படித்தான்." கடைசியில் சொன்னதைத் தவிர எல்லாமே உண்மை. பிறகு ஒரு கேள்வித்தாள் வந்தது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் அந்தத் தாள் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வாசிக்க முடியாது என்பதால் அதை அண்ணன் கையில் கொடுத்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

பக்கத்தில் ஒரு குடும்பம் டோக்கனுக்குக் காத்திருந்தது. அண்ணன் குரலைத் தாழ்த்தி ஒவ்வொன்றாக வாசித்தார். தூக்கம், பசி, களைப்பு பற்றிய கேள்விகளுக்கு மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலாம் என்றோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்ற கேள்வி. பாதி வாசித்தவர் நிறுத்தினார். "அதெல்லாம் ஒன்னும் இல்ல" என்றார், என்னிடமா தனக்குத்தானேயா தெரியவில்லை. நான் வாய் திறப்பதற்குள் பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது.

அந்தத் தாளைக் கூட்டிப் பார்த்துத்தான் எனக்கு மாத்திரை எழுதினார்கள்.

அந்தக் கேள்விக்கு என் பதில் வேறு. அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தங்கச்சி வாயிலிருந்து அந்தப் பதிலைக் கேட்கும் தெம்பு எந்த அண்ணனுக்கு இருக்கும்? அந்தத் தாளை அவர் கையில் கொடுத்திருக்கவே கூடாது. சில மாதம் கழித்து வேறோர் இடத்தில் ஓர் ஆலோசகர் அம்மா, அண்ணனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். கதவைச் சாத்தினார், சாத்திவிட்டேன் என்று வாயால் சொன்னார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் என்றும் சொன்னார். எங்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ! பிறகு அதே ஒன்பது கேள்வியை அவரே வாசித்தார். "நீங்க சொல்லுங்கம்மா, நான் குறிச்சிக்கிறேன்." ஒன்பதாவதுக்கு உண்மையைச் சொன்னேன். எனக்கு வைத்தியம் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவர் கேட்டது: "பார்வை போனப்புறம் உங்க ஒரு நாள் எப்படிப் போவுது?" அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கும் அவரே பதில் சொல்லியிருப்பார், தப்பாகச் சொல்லியிருப்பார். கண் போன துக்கம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது மாலைக்கண் காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அழுது தீர்த்த துக்கம். என்னைக் கிணற்றில் தள்ளியது வேறு. பார்வை முழுசாகப் போனது தெரிந்ததும் பள்ளியில் என் வகுப்புகளை எடுத்துவிட்டார்கள். "நீங்க ஸ்டாஃப் ரூம்ல உக்காருங்க டீச்சர், நாங்க பாத்துக்கறோம்." கையெழுத்துப் போடுவது, மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பது, வீட்டுக்குப் போவது. வீட்டிலும் அதேதான். அடுப்பங்கரைப் பக்கம் போனால் அம்மா பதறுவார். வரன் பேச்சு எடுத்தால் நான் இருக்கும்போதே என்னைப் பற்றி வேறு யாரையோ போலப் பேசுவார்கள். என் சம்பளம் எந்தக் கணக்கில் என்ன ஆகிறது என்பது அண்ணிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய எந்த இடத்திலும் என் சொல் தேவைப்படாமல் போனது. கடைசியில் ஆஸ்பத்திரியிலும் அதேதான் நடந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். கண் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் வருகிற பார்வைக் குறைபாடுள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் மற்ற மூன்று பேருக்கு அது இல்லையே. கண் போனால் மனசும் ஒடிந்தே தீரும் என்றால் நான்கு பேருக்கும் அல்லவா இருக்க வேண்டும்? அந்த ஒருவருக்கு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். வேலை போயிருக்கலாம், கல்யாணம் நின்றிருக்கலாம், வீட்டில் அடி விழுந்துகொண்டிருக்கலாம். அடிப்பவரே கையைப் பிடித்து உங்கள் அறைக்கு அழைத்து வந்திருக்கவும் கூடும். "கண்ணு இல்லைல்ல, கஷ்டமாத்தான் இருக்கும்" என்ற அனுதாபத்தோடு விசாரணை நின்றுவிட்டால் இவற்றில் ஒன்றும் வெளியே வராது.

தப்பாகப் படிக்கப்படும் விஷயங்கள் இன்னும் இருக்கின்றன. குடியாத்தத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர், லுங்கித் தறியிலேயே காலம் கழித்தவர். சர்க்கரையால் இரண்டு கண்ணும் போனது. சில மாதத்தில் அவருக்குக் காட்சிகள் வரத் தொடங்கின. முதலில் சுவர் முழுக்கக் கட்டம் போட்ட துணி விரித்த மாதிரி. பிறகு "சின்னச் சின்ன ஆளுங்க, தலையில துண்டு கட்டிக்கினு, சத்தமே இல்லாம வரிசையா போறாங்க." யாரிடமும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கையால் எதையோ விலக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் சம்சாரம் கண்டுபிடித்தார். காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அப்புறம் மனநோய் மாத்திரை. மகன்தான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் விவரித்தான், பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் அந்த ஆட்கள் நிஜமில்லை என்பது தனக்கே தெரியும் என்று சொல்லியிருப்பார். குரல் எதுவும் கேட்பதில்லை என்றும் சொல்லியிருப்பார்.

இது சார்லஸ் போனே நோய்க்குறி என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். சுவிட்சர்லாந்துக்காரரான போனே, பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படிக் காட்சிகள் வந்ததை 1760இலேயே எழுதி வைத்திருக்கிறார். கண்ணிலிருந்து தகவல் வராதபோது மூளை தானாகவே உருவங்களை உண்டாக்கிக்கொள்கிறது, புத்தி தெளிவாகவே இருக்கிறது. பல பேருக்கு இதை விளக்கிச் சொல்வதே பாதி வைத்தியம். பிறகு ஒரு கண் மருத்துவர் விளக்கியபோது பெரியவர் கேட்டது: "அப்ப நான் பைத்தியம் இல்லியா?" அத்தனை மாதம் அந்தக் கேள்வியை நெஞ்சிலே வைத்துக்கொண்டு படுத்து எழுந்திருக்கிறார். பார்வை போன ஒவ்வொருவரிடமும் நீங்களாகவே கேளுங்கள், இப்படி ஏதாவது தெரிகிறதா என்று. நாங்களாகச் சொல்ல மாட்டோம், பயம்.

தூக்கமும் அப்படித்தான். கைக்குழந்தையாக இருக்கும்போதே புற்றுநோயால் இரண்டு கண்ணும் எடுக்கப்பட்ட தோழி ஒருத்தி எனக்கு உண்டு. சில வாரம் ஊரோடு தூங்கி எழுவாள். அடுத்த சில வாரம் விடியற்காலைவரை கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டுப் பகலில் சுருண்டு விழுவாள். சோம்பேறி என்று வீட்டில் பேர், மனச்சோர்வு என்று ஆஸ்பத்திரியில் பேர், தூக்க மாத்திரை. மனித உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடக்கூடியது. விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் தனிவகைச் செல்கள்தான் அதை ஒவ்வொரு நாளும் திருத்தி வைக்கின்றன. வெளிச்சமே உணராதவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தத் திருத்தம் நடக்காமல் தூக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகிறது. குறித்த நேரத்தில் தரும் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் பல பேருக்கு உதவுகிறது. அவளிடம் நேரடியாக, எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது, போன வாரம் எப்போது வந்தது என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பரிசோதனைக் குறிப்பில் "முகம் பார்த்துப் பேசவில்லை" என்று எழுதுவதைத் தயவுசெய்து விடுங்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவர் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவதும் கண்ணை விரலால் அழுத்துவதும் பழக்கம், அறிகுறி இல்லை. ஞாபகசக்தியைச் சோதிக்கும் 30 மதிப்பெண் சோதனையில் வாசி, எழுது, படம் பார்த்து வரை என்றெல்லாம் இருக்கிறது. அவற்றை நீக்கி 22 மதிப்பெண்ணுக்கு வைக்கும் முறை ஏற்கெனவே உண்டு. 30க்கு எங்களை அளந்தால் உள்ளே வரும்போதே எட்டு மதிப்பெண் குறைந்துதான் வருகிறோம்.

குடும்பத்தை வெளியே நிறுத்தச் சொல்லும் என் வார்த்தை வேலூர்க்காரர்களுக்கு உறுத்தலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பாகாயத்தில் 1957இல் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டு மனிதர் ஒருவரும் தங்கி வைத்தியத்தில் பங்கெடுக்கும் வழக்கத்தை இந்த மண்ணில்தான் வளர்த்தெடுத்தார்கள். நோயாளியைப் பூட்டி வைத்துவிட்டுப் போன காலத்தில் அது பெரிய காரியம், இன்றைக்கும் பெருமையாகவே நினைக்கிறேன். குடும்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அண்ணன் இல்லாமல் நான் மீண்டிருக்க மாட்டேன். ஆனால் மற்ற நோயாளிகளால், குடும்பம் கூடவே இருந்தாலும், ஒரு பார்வையாலோ சைகையாலோ உங்களுக்கு ஏதாவது உணர்த்திவிட முடியும். எங்களுக்கு அதுவும் இல்லை. யார் யார் அறையில் இருக்கிறார்கள் என்பதுகூடச் சில நேரம் தெரியாது. ஆகவே முதலில் தனியாக. பிறகு யாரைக் கூப்பிடலாம், எதைச் சொல்லலாம் என்று எங்களிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, ஊனத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையில் வேற்றுமை கூடாது என்று 18ஆம் பிரிவில் சொல்கிறது. ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை என்று 23ஆம் பிரிவில் சொல்கிறது. தன் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதியை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது 14ஆம் பிரிவு. கையைப் பிடித்து வந்ததாலேயே ஒருவர் பிரதிநிதியாகிவிட மாட்டார். பார்வையற்றவர்கள் நீதிபதியாகத் தகுதியுடையவர்களே என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 3 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. அடுத்தவர் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவர்களிடம் அவர்கள் மனசைப் பற்றி அவர்களையே கேட்கலாம்.

14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இது நல்ல வழி. தாள் இல்லை, முகம் பார்க்கும் பேச்சு இல்லை, துணைக்கு ஆள் வேண்டாம். என்ன சிக்கல் என்றால், குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒற்றை அறை வீடுகளில் போனில் யாரிடம் மனசைத் திறப்பது? பார்வையுள்ளவர் போனை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிடலாம். வெளியே தனியாகப் போகக் கைத்தடிப் பயிற்சியே கிடைக்காத பெண் எங்கே போவாள்? அதனால்தான் உங்கள் அறையின் கதவு எங்களுக்கு இவ்வளவு தேவைப்படுகிறது. பேசுபவரிடம் முதலில் "இப்ப பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்கும்படி போனில் பேசும் ஆலோசகர்களுக்கும் பழக்குங்கள்.

மாத்திரை விஷயம் சுருக்கமாக. அட்டைகள் தடவிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுக்கு இரண்டு என்று மருந்து கொடுக்கும் இடத்திலேயே போட்டுத் தந்தால் யாரையும் கேட்காமல் நாங்களே எடுத்துக்கொள்வோம். எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை எங்கள் போனிலேயே குரலாகப் பதிவு செய்து தந்துவிடுங்கள். கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவருக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை எழுதுமுன் அது பார்வையை மங்கலாக்கக்கூடும் என்று சொல்லிவிடுங்கள், கண் அழுத்த நோய் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மிச்சமிருக்கும் அந்தத் துளி வெளிச்சத்தை வைத்துத்தான் அவர் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருப்பார்.

கண் மருத்துவர்களிடமும் ஒரு வார்த்தை. சி.எம்.சி.யை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த ஷெல் ஆஸ்பத்திரி வளாகம் இன்றைக்குக் கண் ஆஸ்பத்திரியாக இருக்கிறது. ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கண்ணுக்காக வேலூருக்கு ரயிலேறி வருகிறார்கள். "இனிமே மருந்துல ஒன்னும் ஆகாதும்மா" என்று ஏதோ ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஒருவர் கேட்கும் நாள் இருக்கிறதே, அதைவிட மனநலத் துறையின் உதவி தேவைப்படும் நாள் வேறு இல்லை. அந்த வார்த்தையோடு கையில் இன்னொரு சீட்டும் கொடுங்கள், யாரைப் பார்க்க வேண்டும், கைத்தடிப் பயிற்சி எங்கே, கணினித் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் எங்கே கற்கலாம் என்று. வேலூருக்கு இந்த யோசனை புதிதில்லை. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அமைந்தது அவரால்தான். வாழ்க்கை இத்தோடு முடிந்தது என்று ஊர் சொன்னவர்களுக்கு அடுத்தது என்ன என்று சொல்லிக்கொடுத்த இடம் அது.

என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆலோசகர் மாத்திரையோடு நிறுத்தவில்லை. "ஸ்கூல்ல யார்கிட்ட என்ன கேக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு, எதிரே தலைமை ஆசிரியர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு என்னைப் பேச வைத்தார். முதல் தடவை குரலே வரவில்லை. பணியில் இருக்கும்போது ஊனம் வந்தவரை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 20ஆம் பிரிவு சொல்வதையும், நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்பதையும் நானே தேடி வாசித்தேன். இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை வைத்து மனுவை நானே தட்டச்சு செய்தேன். பள்ளியில் அசையவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். அண்ணனும் வந்தார். அங்கேயும் மனு வாங்கியவர் "என்ன விஷயம்" என்று அண்ணனிடம்தான் கேட்டார். "தங்கச்சியே சொல்லும் சார்" என்றார் அண்ணன். இப்போது எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் தமிழ் எடுக்கிறேன். பலகையில் எழுதப் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். ராத்திரியில் தூங்குகிறேன்.

மனச்சோர்வுக்கு மாத்திரை உதவியது, மறுக்கவில்லை. அதை விழுங்கிவிட்டு அதே ஸ்டாஃப் ரூம் நாற்காலிக்குத் திரும்பியிருந்தால் எத்தனை நாளைக்கு உதவியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். தனக்காகத் தானே பேசப் பழக்குவதும் உங்கள் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். அந்தப் பேச்சு முதன்முதலில் பழகுவது உங்கள் எதிரில்.

இதை யாராவது வாசித்துக்காட்டக் கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையற்ற தம்பி தங்கைகளே, நீங்களும் கேளுங்கள். "டாக்டர், நான் தனியாப் பேசணும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். தாளில் என்ன எழுதினார்கள் என்று திருப்பி வாசிக்கச் சொல்லலாம். மனசு தாங்காத நேரத்தில் 14416.

மருத்துவர்களிடம் கடைசியாக. மாவட்ட மனநலத் திட்டத்தில் செவிலியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் நடத்தும் பயிற்சியில் ஒரு மணி நேரம் எங்களுக்குத் தாருங்கள். பார்வையற்ற நோயாளியை எப்படி நாற்காலிக்கு அழைத்துப்போவது, எப்படித் தன்னை அறிமுகம் செய்துகொள்வது, அந்த ஒன்பது கேள்வியை எப்படி வாசிப்பது என்று நாங்களே செய்து காட்டுகிறோம். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் என்று சில பேர் தயாராக இருக்கிறோம். பயணப்படி வேண்டாம். சனிக்கிழமை என்றால் பள்ளி விடுமுறை, வசதியாக இருக்கும். அடுக்கம்பாறையோ வாலாஜாவோ திருப்பத்தூரோ, இடத்தை நீங்கள் சொல்லுங்கள். பஸ் பிடித்து வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பார்வையற்ற ஒரு தமிழாசிரியை,
கே.வி.குப்பம் வட்டம், வேலூர் மாவட்டம்